வித்துராவில் நீ கடிகாரமான மாலை

இன்று காலை ஏதோ ஒரு ரயில் நிலையத்திலிருந்து பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று பழுதுபார்க்க வந்தது. நம் கம்பெனி முதன்முதலில் செய்து அனுப்பிய எலக்ட்ரானிக் கடிகாரங்களில் ஒன்று. பின்மூடியைக் கழற்றியதும் தூசியும், காய்ந்துபோன பல்லிக்குட்டி ஒன்றும் மேசைமேல் விழுந்தன. அடியில் பச்சை போர்டு. அதன் மூலையில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு.

அசெம்பிளியில் இருந்த ஒவ்வொருத்தியும் தான் பற்றவைத்த போர்டில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. மற்றவர்கள் எண் எழுதினார்கள். நீ பொட்டு வைத்தாய். இத்தனை வருஷம் பிளாட்பாரப் புகையில் கிடந்தும், நீ ஈயம் வைத்த இடங்கள் ஒவ்வொன்றும் வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டு மினுங்கின. விட்டுப்போயிருந்த ஒரே ஒரு கம்பியில் சால்டரிங் அயர்னை வைத்தேன். ஈயத்தோடு உருகிய ரோசினின் புகை எழுந்து மூக்கில் ஏறியது. பக்கத்து மேசைப் பெண், "எந்தா மேடம், கண்ணு கலங்குது?" என்றாள். புகை என்றேன். புகையும்தான்.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வாரத்தில் ஆறு நாள் முகம் பார்த்துக்கொண்டிருந்த நமக்குள் கடிதம் எழுத வேண்டிய தேவை வந்ததே இல்லை. இதுதான் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம்.

அந்த போர்டு என்ன செய்கிறது என்று உனக்கு விளக்கிய நாளை நினைத்துக்கொண்டேன். அவசரநிலை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் இன்ஜினியரிங் முடித்து, சோதனைப் பிரிவுக்கு சூப்பர்வைசராக வந்திருந்தேன். கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவிலிருந்து ஃபாக்டரி வேலைக்குப் போன முதல் பெண் என்கிற மிதப்பு வேறு. நீ எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஆரியசாலையிலிருந்து தினமும் நடந்தே வருவாய். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது. இந்த போர்டில் இருக்கும் டிவைடர் அதை எண்ணிக்கொண்டே போய், ஐம்பது துடிப்புக்கு ஒன்று என்று வெளியே விடுகிறது. அதுதான் ஒரு நொடி என்றேன்.

"அப்போ நாப்பத்தொம்பதை முழுங்கிட்டு ஒண்ணைத் துப்புது, அல்லே மேடம்?" என்றாய்.

அன்று முதல் நம் மேசையில் டிவைடருக்கு முழுங்கி என்று பெயர்.

பிறகு ஒரு வாரம், எண் காட்டும் டிஸ்ப்ளே ஸ்டாக் வரவில்லை. போர்டுகளை வேறெப்படிச் சோதிப்பது? துடிப்பைக் காதால் எண்ணிப் பார்க்கலாம் என்று, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களிலிருந்து கழற்றிய சின்ன ஸ்பீக்கர்களை மாட்டினேன். இரண்டு போர்டில் கோளாறு. ஐம்பதைப் பத்தும் ஐந்துமாக இரண்டு கட்டத்தில் எண்ணும் போர்டு அது; பத்துக்கு ஒன்று துப்ப வேண்டிய முதல் கட்டத்தில் ஒன்று ஏழுக்கு ஒன்று துப்பியது, இன்னொன்று நாலுக்கு ஒன்று. ஒரே மின்சாரத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு கணக்கில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. எரிச்சலோடு சுவிட்சில் கை வைத்தேன்.

"நிப்பாட்டாதீங்க மேடம்."

உன் இடத்திலிருந்து எழுந்து வந்திருந்தாய். மேசை விளிம்பில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாய். இரண்டு சத்தமும் விலகி, நெருங்கி, ஒரே இடத்தில் வந்து சேர்ந்தபோது உன் விரலும் அங்கே விழுந்தது. மறுபடி விலகின. மறுபடி சேர்ந்த இடத்தில் மறுபடி உன் விரல்.

"இருபத்தெட்டுக்கு ஒருக்க ரெண்டும் சேருது," என்றாய். நான் ஏழையும் நாலையும் மனதுக்குள் பெருக்கி முடித்திருக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுல இதுதானே மேடம் சோறு போடுது."

உன் அப்பா தவில்காரர் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணங்களுக்கும் கோயில்களுக்கும் வாசிக்க வந்து, ஆரியசாலைச் சந்து ஒன்றில் குடியேறிவிட்டவர். உன் தம்பிகள் இருவரையும் முன்னால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நீ அடுக்களையிலிருந்து கேட்டுப் படித்தாய். ஒன்பது வயதில் ஒரு மத்தியானம், அவர் இல்லாதபோது தவிலைத் தொட்டதற்கு வாங்கிய அடியை, வேறு யாரோ வாங்கியதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாய். "பொம்பளப்புள்ள கை படப்பிடாதாம். கை படலன்னா என்ன, காது இருக்குல்லா?"

நான் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் நூலகத்தில் ஒரு வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் சிந்தசைசர் பற்றிப் படித்திருந்தேன். சத்தம் உண்டாக்க ஒரு பெட்டி, அந்தச் சத்தத்தின் கூர்மையை மழுக்க ஒரு பெட்டி, ஏற்றி இறக்க ஒரு பெட்டி. எந்தப் பெட்டியிலிருந்து எதற்குக் கம்பி போகிறதோ, அதற்குத் தகுந்தபடி வாத்தியமே மாறிவிடும். அந்தக் கட்டுரையில் டிவைடருக்கு நாலு வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். நம்மிடமோ கழித்துப்போட்ட டிவைடர்கள் கூடை கூடையாக இருந்தன. மேனேஜரிடம் கேட்டேன். "எடுத்தோ, எடுத்தோ" என்றார், எடுத்துக்கொள் என்று. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்தபின் சோதனை அறையையும் கொடுத்தார். பிஸ்கட் டின்களில் ஓட்டை போட்டு, ஒரு டின்னுக்கு ஒரு வேலை என்று கட்டினோம்.

பத்திரிகையில் இருந்தபடி நான் முதலில் இரண்டு, நாலு, எட்டு என்று வகுத்துக் காட்டினேன். நீ கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பட்டாளக்காரன் நடக்குத மாதிரி இருக்கு மேடம். மூணு வேணும். அஞ்சு வேணும். ஏழும் ஒம்பதும் இல்லாம என்ன பண்ண?" என்றாய். எண்ணும் சிப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கால் உண்டு. எந்தக் காலிலிருந்து கம்பி எடுத்து ரீசெட் காலில் கொடுக்கிறோமோ, அந்த எண்ணோடு அது மறுபடி முதலுக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்தது. அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால், டின்களில் நான் எழுதி வைத்திருந்த எண்களின்மேல் நீ காகிதம் ஒட்டியிருந்தாய். தகிட. தகதிமி. தகதகிட. தகிட தகதிமி. தகதிமி தகதகிட.

இன்னொரு சனிக்கிழமை, மின்சாரத்துக்குப் பதிலாக ஒரு சோதனைப் பெட்டியிலிருந்து துடிப்பு கொடுத்திருந்தேன்; அதன் வேகத்தைக் கூட்டும் திருகை விளையாட்டாகக் கடைசிவரை திருப்பினாய். டக் டக் என்ற சத்தம் நெருங்கி நெருங்கி, ஒட்டிப்போய், ரீங்காரமாகிவிட்டது. "மேடம், தாளம் சுருதியாயிட்டு!" என்று கத்தினாய். அன்றைக்கு நான்தான் உதவினேன். சின்ன வயதில் ஐந்து வருஷம் பாட்டு கற்றிருந்தேன். தாளத்தில் எப்போதும் கோட்டை விடுவேன், சுருதி மட்டும் காதில் நிற்கும். அந்த ரீங்காரத்தை ஸட்ஜமமாக வைத்துக் கேட்டேன். இரண்டால் வகுத்த டின்னில் அதே ஸட்ஜமம் கீழ் ஸ்தாயியில் வந்தது. மூன்றால் வகுத்த டின்னில் மத்தியமம் வந்தது. பாடிப் பார்த்தேன். சுத்தமான மத்தியமம். யாரும் சுருதி கூட்டாமலே ஒரு பிஸ்கட் டின் எனக்கு மத்தியமம் கொடுத்துக்கொண்டிருந்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய்.

"ஒரே முழுங்கிதான் கேட்டேளா? மெதுவா விட்டா தாளம், வெரசா விட்டா சுருதி," என்றாய் பிறகு.

அறுபத்துநாலுக்கு ஒருமுறை வரும் துடிப்பை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தமாகக் கேட்க அது ரொம்ப அபூர்வம். நீ அதை ஸ்பீக்கருக்கே அனுப்பவில்லை. மற்ற டின்களின் கூர்மையை மாற்றும் இடத்தில் கொடுத்தாய். அது வரும்போதெல்லாம் மற்ற எல்லாச் சத்தமும் ஒரு கதவு திறந்த மாதிரி பளிச்சென்று ஆகும். "இது பேசாது. மத்ததைப் பேச வைக்கும்" என்றாய்.

மேனேஜரின் உறவுக்காரியான டான்ஸ் டீச்சர் நம் சனிக்கிழமைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள். வித்துராவில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழா. மலைக்கு மழை வருவதை ஆறு பெண்களை வைத்து நடனமாகச் செய்கிறாள். மிருதங்கமும் வீணையும் வேண்டாம், கேட்டறியாத ஏதாவது வேண்டும் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ கம்பிகளை மாற்றத் தொடங்கிவிட்டாய். ஒன்பதால் வகுத்ததை எடுத்து ஏழால் வகுக்கும் டின்னுக்குள் விட்டாய். அறுபத்துமூன்றுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டு, தொட்டதும் கணீரென்று அதிர்ந்து அடங்கும் டின்னுக்குப் போயிற்று. வெண்கலப் பானையில் ஒரு துளி விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு துளி. பக்கத்தில் நாற்பத்தைந்துக்கு ஒன்று, முப்பத்தைந்துக்கு ஒன்று. பிறகு ஒவ்வொரு கம்பியாக மாற்றி எண்களைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தாய். ஒன்பது, ஏழு, ஐந்து, நாலு, மூன்று. அறைக்குள் மழை வலுத்தது.

டீச்சர் அசந்துபோனாள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். "ஆ மெஷின் என்றெ குட்டிகளெ காணுமோ?" அந்த மெஷினுக்கு என் பிள்ளைகளைக் கண் தெரியுமா? ஆடுகிறவள் காலை ஒரு இமைப்பொழுது தாமதமாக வைத்தால் மிருதங்கக்காரர் பார்த்துப் பொறுத்துப் போடுவார். இது பொறுக்குமா?

"காணும் டீச்சரே. ஞான் காணிச்சு கொடுக்காம்," என்றாய் நீ. நான் காட்டிக்கொடுக்கிறேன் என்று.

மறுவாரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு வாங்கிவந்தாய். விரல் பட்டால் ஒரு துடிப்பு, கடிகாரத்துக்குப் பதிலாக அந்தத் துடிப்பை எல்லா டிவைடர்களும் எண்ண வேண்டும். கட்டிக் கொடுத்தேன். நீ ஒருமுறை தட்டினால் அது மூன்றாக, நாலாக எண்ணியது. மழை தாறுமாறாகப் பெய்தது.

"என்னடி இது, ஒண்ணு தட்டினா நாலுன்னு எண்றது? விட்டுடு, இது சரிப்படாது."

"என் கை ஒண்ணுதான் தட்டிச்சு மேடம். ஒங்க பெட்டிதான் நாலா கேக்குது."

நீ சொன்னதுதான் சரி. விரல் தகட்டைத் தொடும் நேரத்தில் அந்தத் தொடர்பு நடுங்குகிறது. சிப் ஒவ்வொரு நடுக்கத்தையும் எண்ணிவிடுகிறது. ஒரு கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் போட்டு நடுக்கத்தை விழுங்கவைத்தேன். பிறகு உன் விரலுக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். இரண்டு கை விரல்களையும் மாற்றி மாற்றி வைத்து, நொடிக்கு ஐந்தோ ஆறோ, நீ விட்டபடி மழை நடந்தது, நின்றது, திரும்ப வந்தது. நீ சிரிக்கக்கூட இல்லை. அவ்வளவு கவனம்.

ஆனாலும் மேடையில் அதை ஓடவிட நான் சம்மதிக்கவில்லை. "கரண்ட் தப்பாது. மனுஷா கைதான் தப்பும். தகடு ஆரம்பிச்சு வைக்க மட்டும் இருக்கட்டும்," என்றேன். அன்றைக்கு அதை நான் பொறியியல் என்று நினைத்துக்கொண்டேன். மின்சாரத்தின் ஐம்பதைப் பத்தால் வகுத்து நொடிக்கு ஐந்தாக விடும் கடிகாரம் என்னுடைய சர்க்யூட். எல்லாம் அதிலேயே ஓடினால் வாத்தியம் என்னுடையது. உள்ளே இருந்தது இதுதான்.

விழா நோட்டீசில் 'எலக்ட்ரானிக் இசை' என்று போட்டு என் பெயரை என் பட்டத்தோடு அச்சடித்திருந்தார்கள். உன் பெயர் இல்லை. அச்சுக்குப் போகும் முன் புரூஃப் என் கைக்கு வந்தது. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வரி சேர்க்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நோட்டீஸ் வந்த அன்று நீ அதைப் படித்துவிட்டு மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டு, "அச்சு நல்லா இருக்கு மேடம்," என்றாய்.

வித்துராவுக்கு டின்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் மேடை ஓரத்தில் வாத்தியத்தோடு உட்கார்வது, நீ பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அடுத்தது எந்தக் கம்பி என்று எனக்குச் சைகை காட்டுவது என்று ஏற்பாடு. மத்தியான ஒத்திகை பிசகில்லாமல் நடந்தது. சாயந்திரம் விழா தொடங்க மங்கல இசைக்கு ஒரு நாகஸ்வரக் கோஷ்டி வந்தது. தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கியவர் உன் அப்பா.

"ஏட்டி, நீ எங்க இங்க?"

"கம்பெனி வேலைப்பா. கம்பி மாட்ட வந்தேன்."

அவர் டின்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தவில் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசிக்கப் போய்விட்டார்.

தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. அந்தப் பக்கங்களில் யாரும் அதற்குக் கலங்குவதில்லை. சந்தையிலிருந்து ஒரு டீசல் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விளக்கு எரிந்தது, மைக் பேசியது, நம் டின்களும் உயிர் பெற்றன. திரை விலகியது. முதல் துளி விழுந்தது. கூட்டம் அப்படியே அடங்கியது. இரண்டாவது துளி. பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள்.

மேடையின் பெரிய விளக்குகளைப் போட்டார்கள். வெளியே ஜெனரேட்டர் முக்கியது. மழை தளர்ந்தது. நான் எதையும் தொடவில்லை, துளிகள் தானாகப் பின்வாங்கின. பெண்களின் கால்கள் முந்திப்போய் நின்றன. ஜெனரேட்டர் சுதாரித்துக்கொண்டு வேகம் எடுத்தது, மழை அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடியது. மறுபடி முக்கல். என்ன நடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. நொடிக்கு ஐம்பது என்று நான் சத்தியம் செய்த மின்சாரம் அங்கே ஐம்பது இல்லை. நாற்பத்தைந்து, ஐம்பத்துமூன்று, நாற்பத்தேழு. தப்பாது என்று நான் சொன்னதுதான் தப்பிக்கொண்டிருந்தது. ஆறு பெண்கள் முந்நூறு பேருக்கு முன்னால் தடுமாறினார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

"நவுருடீ."

அதற்கு முன் நீ என்னை மேடம் என்று தவிர வேறெதுவும் கூப்பிட்டதில்லை. நகர்ந்தேன். திரையைத் தள்ளிக்கொண்டு வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாய். கடிகாரக் கம்பியைப் பிடுங்கித் தகட்டில் சொருகினாய். மழை நின்றது. உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாய். டின்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. உன் கண் மேடைக்கு நடுவில், முன்வரிசைப் பெண்ணின் பாதத்தில் இருந்தது. அவள் தூக்கிய காலோடு திகைத்து நின்றாள். நீயும் காத்திருந்தாய். டீச்சர் எதிர்ப்பக்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் காலை வைத்தாள். உன் விரல் அவள் குதிகாலோடு விழுந்தது.

பிறகு உன் இரண்டு கையும் ஓடின. அவள் போன வேகத்துக்கு எல்லா டிவைடர்களும் உன்னை எண்ணின. ஒருத்தி தாமதித்தால் மழை தாமதித்தது. "அந்த ஒம்பதை எடு. ஏழுல போடு," என்றாய் தலையைத் திருப்பாமலே. போட்டேன். "அஞ்சுக்கு இப்போ வேண்டாம்... இரு... இப்போ." போட்டேன். ஆறு பேரும் சுழன்று வரும் கடைசிப் பகுதியில், "வகுக்காத கரண்டை நேரா பெரிய ஸ்பீக்கர்ல விடு," என்றாய். எதற்கென்று புரியாமல் விட்டேன். அடிவயிற்றில் இறங்கும் ஒரு உறுமல் கிளம்பியது. ஜெனரேட்டர் முக்கும்போதெல்லாம் அது தாழ்ந்து உருண்டது, சுதாரிக்கும்போது எழுந்தது. எது நம்மைக் கெடுத்ததோ அதை நீ இடியாக்கிவிட்டாய். உன் மழை அதன்மேல் பிசகாமல் பெய்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் அனிச்சையாக மேலே கூரையைப் பார்த்ததை நான் கண்டேன்.

முடிந்ததும் தலைவர் என் பெயரைச் சொல்லி மைக்கில் அழைத்தார். பொன்னாடை என் தோளில் விழுந்தது. நான் மைக்கைப் பிடித்து மலையாளத்தில் சொன்னேன்: "பெட்டிகளைக் கட்டியதில் எனக்குப் பாதிதான். வாசித்தது முழுக்க இவள். நோட்டீசில் இவள் பெயர் இல்லாதது என் தப்பு." உன் பெயரைச் சொன்னேன், உன் அப்பா பெயரையும் சேர்த்தே சொன்னேன். பொன்னாடையை எடுத்து உனக்குப் போட்டேன். நீ தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கை இன்னும் தகட்டின்மேலேயே இருந்தது.

டின்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தபோது உன் அப்பா வந்தார். தவில் வாசிக்க மாட்டும் விரல் கூடுகளை இன்னும் கழற்றவில்லை. பித்தளைத் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணாவது சுத்துல ஏழு வரும்போது அவசரப்பட்டுட்ட."

"ஆமாப்பா. ஒரு புள்ளைக்குக் கால் வழுக்கிச்சு. பிடிக்கப் போயி முந்திட்டேன்."

"ம்," என்றார். சாக்கைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிலையம்வரை அவரே நடந்தார். நீ அவருக்குப் பின்னால் அவர் தவிலைச் சுமந்துகொண்டு வந்தாய். அவர் திரும்பிப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நீ மறுபடி மேடம் என்று ஆரம்பித்தாய். 'டீ'ன்னே கூப்பிடு என்றேன். "அது வாய்ல வந்துட்டு," என்று நாக்கைக் கடித்துக்கொண்டாய். புரூஃப் என் கைக்கு வந்த கதையைச் சொன்னேன்.

"தெரியும். பிரஸ்காரர் எங்க சந்துதான்."

"அப்பறம் ஏன் என்னண்ட கேக்கலை?"

"கேட்டா போட்டுருவ. கேக்காம போடுதியான்னு பாத்தேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னை எங்கள் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தனை சனிக்கிழமைகளில் ஒருமுறைகூட நான் உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை என்பது, கோட்டை வாசலில் நுழையும்போதுதான் உறைத்தது. அம்மா உன்னைக் கூடத்தில் உட்கார வைத்து எங்கள் எல்லோருக்கும் கொடுக்கும் டம்ளரில் காபி கொடுத்துவிட்டு, "நீதானா அந்த மழை? இவ ஒரு வாரமா அதைத்தான் சொல்லிண்டிருக்கா," என்று கேட்டாள். நீ வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் எத்தனை மேடைகள். நாகர்கோவில், கொல்லம், ஆலப்புழை. நோட்டீசில் எப்போதும் உன் பெயர் முதலில். நீ தகட்டில், நான் கம்பிகளில். மின்சாரக் கடிகாரத்தை நாம் பிறகு ஒருபோதும் தாளத்துக்கு மாட்டவில்லை. இடிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். உன் அப்பா தவறாமல் வந்து, தவறாமல் ஒரு குறை சொன்னார். ஒரு வருஷம் அவர் குறை சொல்லவில்லை என்று நீ மூன்று நாள் கவலைப்பட்டாய்.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவமனைப் படுக்கையில் நீ உடம்பைப் பற்றிப் பேசவில்லை. "ஒம்பதுக்குப் பதிலா பதினொண்ணு போட்டா எப்படி இருக்கும்டீ? ரெண்டு சிப் சேர்க்கணும், அல்லே?" என்று கேட்டாய். சேர்க்கணும் என்றேன். சேர்த்தும் விட்டேன், அதன் சத்தத்தைக் கேட்காமலே நீ போய்விட்டாய்.

போன மாதம் டீச்சர் வந்தாள். மறுபடியும் ஒரு நடனம், காயல்மேல் காற்று. தகட்டில் இந்தத் தடவை நான்தான் உட்காரணும் என்றாள். தாளத்தில் கோட்டை விடுகிறவள் நான் என்று அவளுக்கும் தெரியும். யோசிக்கிறேன் என்று சொல்வேன் என்று நானே நினைத்தேன். சரி என்றுதான் வாயில் வந்தது. கம்பி மாற்ற அவளே முன்வந்தாள். முழங்கால் வலிக்கு ஆடத்தான் முடியாது, உட்கார முடியும் என்றாள்.

நேற்று ஒத்திகை. பதினொன்றையும் நாலையும் ஒன்றாக விட்டிருந்தேன். பெட்டிகளைப் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை. ஆடுகிறவளின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அவளுக்கு சலங்கை தளர்ந்து அடி ஒன்று தடுக்கியது. என் விரல் தகட்டுக்கு மேலே நின்றுவிட்டது. நான் அதை நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அவள் காலை ஊன்றிக்கொண்ட நொடியில் அதுவாக இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

டீச்சருக்குத் தெரிந்தது. கையிலிருந்த கம்பியோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"நிர்த்தண்டா," என்றாள். நிறுத்தாதே.

நான் நிறுத்தவில்லை.